முதல் அழுகை

பேங்க் மேனேஜர் மேடம் வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்ற நேரத்துக்குள், அவர் இடுப்பில் இருந்த பெண் குழந்தை நாலு கேள்வி கேட்டு முடித்திருந்தது. இது யார் வீடு, இங்கே ஏன் இருட்டாக இருக்கிறது, அந்தப் பாப்பா ஏன் படுத்துக்கொண்டே பால் குடிக்கிறது, நீ எப்போது வருவாய். நாலுக்கும் மேடம் நின்ற இடத்திலேயே பொறுமையாகப் பதில் சொன்னார். உள்ளே கையில் பால் பாட்டிலோடு நின்ற பெரியம்மாவுக்கு அதைப் பார்க்கவே அலுப்பாக இருந்தது. காலங்கார்த்தாலே இவ்வளவு பேச்சு எதற்கு, அதுவும் மூன்று வயதுகூட நிரம்பாத ஒன்றிடம்.

பெரியம்மா என்பது தாய்மார்கள் வைத்த பெயர். தெருக்கோடியில், ஒரு காலத்தில் மூட்டை அடுக்கி வைத்த நீளமான அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வது அவள் பிழைப்பு. தையல் கம்பெனிக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்கள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்கள் எல்லாம் விடியும்போதே பிள்ளையை இவள் கையில் திணித்துவிட்டு ஓடுவார்கள். எப்போதும் பத்துப் பன்னிரண்டு உருப்படி இருக்கும். பார்த்துக்கொள்ள அவள் ஒருத்தி.

அந்த அறையில் முதலில் கண்ணில் படுவது தரைதான். பெயின்டராக இருந்த புருஷன் செத்துப்போனபோது அவளுக்கு விட்டுவிட்டுப் போன சொத்து, அடியில் கொஞ்சம் கொஞ்சம் வண்ணம் ஒட்டிக்கொண்டிருந்த டப்பாக்கள். அவற்றை வைத்துச் சுவரோரமாகக் கட்டம் கட்டமாக வரைந்துவிட்டாள். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பாயின் அகலம். பிள்ளைக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு நேர் மேலே சுவரில் ஓர் ஆணி, ஆணியில் அந்தப் பிள்ளையின் பை. கட்டத்தை விட்டுத் தவழ்ந்து வந்தால் தூக்கித் திரும்ப வைப்பாள். திட்டமாட்டாள், அடிக்கமாட்டாள், முறைக்கக்கூட மாட்டாள். ஆனால் பேசவும் மாட்டாள். பேசினால் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு மறுபடி மறுபடி வரும் என்பது அவள் அனுபவத்தில் கண்டது. வாய் திறக்காமல் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தால் எப்பேர்ப்பட்ட போக்கிரிக்கும் ஒரு வாரத்தில் அலுத்துவிடும்.

அழுகைக்கும் ஒரு வழி வைத்திருந்தாள். முதல் அழுகைக்குப் போகக் கூடாது. அழுதால் இவள் வருவாள் என்று ஒன்றுக்குத் தெரிந்துவிட்டால் பன்னிரண்டுக்கும் தெரிந்துவிடும், அவளுக்கு இருப்பதோ இரண்டே கை. தானாக ஓய்ந்துவிட்டால் அது சும்மா அழுகை. ஓயாமல் நீண்டால் போய்ப் பார்ப்பாள். புதிதாக வந்த பிள்ளை நாலைந்து நாள் தொண்டை கட்டக் கத்தும், அப்புறம் பழகிவிடும். “பழகிடும்மா, நீ போ” என்று எத்தனை தாய்மாரை வாசலோடு அனுப்பியிருக்கிறாள். அவர்களும் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறார்கள். அடுத்த தெருவில் ஒருத்தி சளி மருந்தை ஊற்றிப் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறாள் என்று பேச்சு. பெரியம்மா அந்த ரகம் இல்லை. அவளிடம் எந்தப் பிள்ளையும் கீழே விழுந்ததில்லை, சுட்டுக்கொண்டதில்லை, ஈரத் துணியோடு கிடந்ததில்லை. இவ்வளவு பிள்ளைகள் இருக்கிற இடமா இது என்று வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த அமைதிதான் அவளுடைய நல்ல பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மேனேஜர் மேடத்தை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் அந்த அமைதிதான். மேடம் தன் பெண்ணை விடுவது பெரிய ரோட்டில் கண்ணாடிச் சுவர் போட்ட காப்பகத்தில். அங்கே பிள்ளைகளுக்குக் கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் வந்து பரவியதால் கொஞ்ச நாளைக்கு மூடிவிட்டார்கள். பேங்கிலோ வருஷக் கணக்கு முடிக்கிற சமயம், லீவு என்று வாயைத் திறக்க முடியாது. கணவருக்கு வேறு ஊரில் உத்தியோகம். மேடம் வீட்டில் வேலை செய்கிறவள், இன்னும் மூன்று வீட்டுக்குப் போக வேண்டியவள், சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாளாம்: “எங்க தெருக்கோடியில ஒரு அக்கா பிள்ளைங்களைப் பாத்துக்கறாங்க, அவங்ககிட்ட விடுங்கம்மா. என் பையனும் அங்கதான் இருக்கான். பூனை நடந்தாக்கூடச் சத்தம் கேக்கும், அவ்வளவு அமைதியா இருக்கும்.”

அவள் பையனுக்கு இங்கே பெயர் சாது. பெரியம்மா எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பெயர் வைத்துவிடுவாள். ஒருத்தன் மொட்டை, ஒருத்தி கட்டெறும்பு, ஆறு மாதக் கைக்குழந்தை உருண்டை. சாது கைக்குழந்தையாக வந்தவன், இரண்டு வருஷத்துக்கு மேலாக நீலக் கட்டத்தில் இருக்கிறான். அவனைப் போல ஒரு பிள்ளையைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று பெரியம்மா எல்லோரிடமும் சொல்வாள். கொடுத்ததைத் தின்பான், வைத்த இடத்தில் இருப்பான். இன்னும் பேச்சு வரவில்லை, அதுதான் ஒரு குறை. அவன் அம்மா தினமும் சாயங்காலம் வந்ததும், “இன்னைக்கு ஏதாவது பேசினானாக்கா?” என்று கேட்பாள். வெளியே மழை வருகிறதா என்று கேட்கிற தொனியில்தான் கேட்பாள். பெரியம்மாவும், “ஆம்பளைப் பிள்ளைங்க கொஞ்சம் லேட்டாத்தான் பேசும். ஆரம்பிச்சா உன் காதை அறுத்துடுவான் பாரு” என்பாள். அதில் பொய் எதுவும் இல்லை. அவள் அப்படித்தான் நம்பினாள்.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பையை நீட்டினார். சாப்பாடு, மாற்றுத் துணி, ஒரு துணிப் பொம்மை எல்லாம் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“சாப்பாடெல்லாம் முன்னப்பின்ன ஆனாலும் பரவாயில்லைங்க. அவ ஏதாவது கேட்டா மட்டும் பதில் சொல்லிடுங்க. தப்பாச் சொன்னாக்கூடப் பரவாயில்ல. நான் கேக்கறது அது ஒண்ணுதான்.”

“பதில்தானே மேடம். சொல்லிட்டாப் போச்சு” என்றாள் பெரியம்மா.

பதில் சொல்வதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. அவள் அதுவரை அப்படி ஒரு பிள்ளையைக் கண்டதில்லை. மேடம் போகும்போது அது அழவில்லை, கையாட்டிவிட்டுத் திரும்பி, தனக்குக் கொடுத்த பச்சைக் கட்டத்தில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்துவிட்டது. இது ஏன் மஞ்சள், இது ஏன் பச்சை. ஜன்னல் ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. ஈ எங்கே தூங்கும். உன் பல் எங்கே போச்சு. மத்தியானத்துக்குள் அதற்கு ரேடியோ என்று பெயர் வைத்தாயிற்று. அந்தப் பெயர் ஏன் என்று அது கேட்டதற்கும் பெரியம்மா விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

“இவன் பேரு என்ன?” என்று பக்கத்துக் கட்டத்தைக் காட்டியது.

“சாது.”

“சாதுன்னா?”

“சாதுன்னா வம்பு பண்ணாத பிள்ளைன்னு அர்த்தம்.”

“வம்புன்னா?”

“நீ இப்போ பண்றியே, அது.”

ரேடியோ அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தது. பெரியம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் அவரவர் கட்டத்தில் இருந்தபடி அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தன. “எங்க மிஸ் கீழ உக்காந்துதான் பேசுவாங்க. நீ ஏன் நின்னுட்டே இருக்கே?” என்று அடுத்த கேள்வி வந்தது. பெரியம்மாவுக்கு அந்தக் கண்ணாடிச் சுவர் ஞாபகம் வந்தது. ஒருமுறை அந்த வழியாகப் போகும்போது எட்டிப் பார்த்திருக்கிறாள். வாட்டசாட்டமான ஒரு பெண் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, உட்காரக்கூடத் தெரியாத ஒரு குழந்தையிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். நாலு பிள்ளைக்கு ஒரு ஆள் என்று வைத்தால் குப்புறவும் படுக்கலாம், மல்லாக்கவும் படுக்கலாம். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “பிள்ளை பார்க்கிறாளா, நீச்சல் கத்துக்கறாளான்னு தெரியலடி.”

மறுநாள்தான் அது நடந்தது. பின்பக்கம் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரேடியோ கட்டத்தை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் குந்திக்கொண்டது. தண்ணீர் ஏன் ஓட்டைக்குள் போகும்போது சுற்றிச் சுற்றிப் போகிறது என்று கேட்டது. பெரியம்மாவுக்கு விடை தெரியாது. தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை என்று மேடம் சொல்லியிருக்கிறார் அல்லவா, கீழே போகப் பயந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போகிறது என்றாள். ரேடியோவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மறுபடி தண்ணீர் விடச் சொன்னது. விட்டாள். இன்னொரு தடவை என்றது. அதற்கும் விட்டாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே உருண்டையின் பால் பாட்டிலுக்கு முட்டுக் கொடுத்திருந்த துண்டு நழுவி, பாட்டில் சரிந்து, பால் மூக்கில் ஏறிவிட்டது. சத்தமே இல்லை. முகத்தைத் துடைக்கிற துணியை எடுக்கத் திரும்பியவள் கண்ணில் தற்செயலாக அந்தக் குட்டிக் கால்கள் உதைத்துக்கொள்வது பட்டது. ஓடிப்போய்த் தூக்கிக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பாலும் சளியுமாகக் கக்கிவிட்டு அது மூச்சை இழுத்து அழுதபோதுதான் இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பால் சிந்திய தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“பாப்பா ஏன் அப்படிப் பண்ணுச்சு?” என்று ரேடியோ கேட்டது.

பெரியம்மா பதில் சொல்லவில்லை. அன்றைக்கு அதற்கப்புறம் எதற்குமே பதில் சொல்லவில்லை. அவள் மேல் குற்றம் சொல்ல நமக்கு வாய் வராது. பன்னிரண்டு பிள்ளையில் ஒன்றின் வாய்க்குப் பதில் சொல்லப்போய் இன்னொன்றின் மூச்சு நின்றுபோக இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவள் வேறு என்ன செய்வாள். ரேடியோ கட்டத்தை விட்டு வந்தால் தூக்கித் திரும்ப வைத்தாள். ஒன்றும் பேசாமல்.

முதலில் அது கேள்வியை உரக்கக் கேட்டது, காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ. பிறகு கேள்வியை மாற்றிப் பார்த்தது. பிறகு பெரியம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு கை வந்து அக்குளில் பிடித்துத் தூக்கிப் பச்சைக் கட்டத்தில் உட்கார வைத்தது. அழுதது. அந்த அழுகைக்கு யாரும் வரவில்லை. ரொம்ப நேரம் வாசலைப் பார்த்து அழுதுவிட்டு, தானே நிறுத்திக்கொண்டு, துணிப் பொம்மையின் காதை வாயில் வைத்துச் சப்பியது. பெரியம்மா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஓய்ந்துவிட்டது, ஆகவே சும்மா அழுகை.

பெரியவர்கள் கைவிட்டபிறகு ரேடியோ சாதுவைப் பிடித்துக்கொண்டது. அவன் மோவாயைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அவனிடம் பேசும். இது என் பொம்மை, இதுக்கு ஜுரம், நீ டாக்டர், ஊசி போடு. சாது அசையாமல் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். மேலுதடும் கீழுதடும் படுகிற பாட்டைப் பார்த்து அவனுக்கு என்ன தோன்றியதோ, ஒரு நாள் விரலைக் கொண்டுபோய் ரேடியோவின் உதட்டில் வைத்துப் பார்த்தான். அதற்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு. அவன் தொண்டையிலிருந்தும் என்னவோ ஒரு சத்தம் வந்தது, கதவு கீல் போல. மறுநாள் அவன் எழுந்து, நீலக் கோட்டைத் தாண்டி, பச்சைக் கட்டத்துக்குள் ஒரு காலை வைத்தான். இரண்டு வருஷத்தில் அவன் கோட்டைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அப்போது கட்டெறும்புக்குத் துணி மாற்றிவிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்த பெரியம்மா, நடந்துகொண்டே குனிந்து, அவனைத் தூக்கி நீலக் கட்டத்தில் வைத்துவிட்டுப் போனாள். கை பழகிப்போன வேலை, மனசு அதில் இல்லை. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மத்தியானம் எல்லாவற்றுக்கும் ஊட்டி, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று சுவரில் சாய்ந்தபோது பெரியம்மாவுக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. பிள்ளைகளை எண்ணிப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. எது குறைகிறது என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அறை எப்போதும் போல் அமைதியாக இருந்தது. ரேடியோ பச்சைக் கட்டத்தின் நடுவில் காலை மடக்கி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொம்மை பக்கத்தில் குப்புறக் கிடந்தது. இவள் எழுந்து குறுக்கே நடந்தாள். அந்தக் கண்கள் இவளோடு வரவில்லை. முதல் நாள் ஈ பறந்தால்கூடப் பின்னாலேயே போன கண்கள்.

வேறு பிள்ளையாக இருந்தால், அப்பாடா, பழகிவிட்டது என்று தண்ணீரைக் குடித்திருப்பாள். இப்போது தம்ளரை அப்படியே கீழே வைத்தாள். கொண்டுவந்து விட்டபோது இது எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும், அவள் காதால் கேட்டிருக்கிறாள், சிரித்திருக்கிறாள். மற்றதெல்லாம் நாக்கு திரும்புவதற்கு முன்பே வந்தவை. அவை எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க அவளுக்கு வாய்ப்பே இருந்ததில்லை. அதை எல்லாம் அவள் அப்போது யோசிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் பயந்தது ரேடியோவுக்காக, ரேடியோவுக்காக மட்டும். இரண்டடி தள்ளி அதே மாதிரி காலை மடக்கி, அதே மாதிரி கையை வைத்துக்கொண்டு, அதே சுவரைப் பார்த்துக்கொண்டு சாதுவும் உட்கார்ந்திருந்தான். அவன் அவள் கண்ணில் படவில்லை.

முட்டி வலிக்க வலிக்கப் பச்சைக் கட்டத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“ஏன் கண்ணு, பெரிம்மாகிட்ட ஒண்ணும் கேக்கலையா?”

ரேடியோ அவளைப் பார்த்தது. பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தது. ஒரு கால் விரல் கோட்டின் மேல் இருந்தது. அதை உள்ளே இழுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்தது.

பெரியம்மா அன்று முழுக்கவும் மறுநாளும் தலைகீழாக நின்று பார்த்தாள். ஈ எங்கே தூங்கும் தெரியுமா என்றாள். தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது பார் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அது பார்த்தது. கூட்டிவந்து உட்கார வைத்ததும் உட்கார்ந்துகொண்டது. இவள் விட்டுவிட்டுப் போய் அழுகிற வேறு பிள்ளையைத் தூக்க வேண்டியிருந்தது, இன்னொன்று ஈரம் பண்ணியிருந்தது. திரும்பி வர அரைமணி ஆயிற்று. ஆரம்பித்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

காப்பகம் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று சாயங்காலம் மேடம் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கூடவே, அவர் வண்டியிலேயே, சாதுவின் அம்மாவும் வந்து இறங்கினாள். மேடம் முகத்தில் கணக்கு முடிந்த நிம்மதி தெரிந்தது. பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க. என்ன மாயம் பண்ணீங்க? வீட்ல நான் ஃபைலும் கையுமா உக்காந்தா ஒரு வேலை நடக்க விடமாட்டா. ரெண்டு நாளா பக்கத்துல அவ்வளவு சமத்தா உக்காந்திருக்கா. அப்படி ஒரு பொறுமை. என் ஃபிரண்ட்ஸ் எல்லார்கிட்டயும் உங்களைப் பத்தித்தான் சொல்லிட்டிருக்கேன்.”

இந்த ஒரு வார்த்தைக்காக ஏங்குகிறவர்கள் உண்டு. பேசாமல் தலையை ஆட்டியிருந்தால் இன்னும் நாலு மேனேஜர் பிள்ளைகள் வந்திருக்கும், அறைக்கு இன்னொரு ஆள் போட்டிருக்கலாம், நல்ல ஜன்னலாக ஒன்று வைத்திருக்கலாம். பெரியம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் மேடத்தின் தோளுக்கு மேல் தெரிந்த அந்த முகம் அவளைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அது நல்லதுக்கு இல்ல மேடம்” என்றாள்.

“என்னது?”

“சமத்துன்னு சொல்றீங்களே, அது. நீங்க கொண்டுவந்து விட்டப்போ இருந்த பிள்ளை இது இல்ல. நான் பதில் சொல்றேன்னு சொன்னேன். ரெண்டு நாள் சொன்னேன். அப்புறம் முடியல, ஒரு கைக்குழந்தைக்கு மூச்சு நின்னுபோகப் பார்த்துச்சு, அதுக்கப்புறம் எனக்குப் பயம். கேக்கக் கேக்க நான் பேசாம தூக்கித் தூக்கி உக்கார வச்சேன். கேட்டுப் பிரயோஜனம் இல்லன்னு புரிஞ்சுக்கிட்டு நிறுத்திடுச்சு. இது பொறுமை இல்ல மேடம். வேண்டாம்னு விட்டுடுச்சு.”

மேடத்தின் முகத்திலிருந்து சிரிப்பு ஒவ்வொரு இடமாக வடிந்தது. பிள்ளையைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார். “செல்லம், அம்மாகிட்ட சொல்லு. வண்டில போலாமா? என்ன கலர் வண்டி?” என்றார். பிள்ளை அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தது.

“திரும்ப வந்துடுமா?” என்று மேடம் பெரியம்மாவைக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தவளுக்கு அந்தக் கேள்வியை விட நாலு வசவு தேவலை என்று இருந்தது.

“வந்துடும் மேடம். வழியெல்லாம் பேசிட்டே போங்க, பதில் சொல்லலன்னாலும் விடாதீங்க. நாளைக்கு அந்த மிஸ்ஸுங்ககிட்ட சொல்லுங்க, அவங்களுக்குத் தெரியும். ஒரு வாரந்தானே. சின்ன வயசு, சீக்கிரம் திரும்பிடும்.”

மேடம் ஆணியிலிருந்து பையை அவரே எடுத்துக்கொண்டார். பொம்மையை மறந்துவிட்டுப் போனார். வண்டிக் கதவு சாத்துவதற்குள்ளேயே அவர் பேச ஆரம்பித்துவிட்டது வாசல் வரைக்கும் கேட்டது. அது என்ன கடை, அங்க யாரு நிக்கறாங்க, நாம இப்போ எங்க போறோம்.

பெரியம்மா திரும்பியபோது சாதுவின் அம்மா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படி ஓரத்திலேயே நின்றாள். மற்ற பிள்ளைகளை அதற்குள் ஒவ்வொருத்தராக வந்து கூட்டிப் போயாயிற்று.

“ஒரு வாரந்தானேன்னு சொன்னீங்கக்கா” என்றாள்.

“ஆமா. அதுக்கென்ன?”

“ஒரு வாரம்னா திரும்ப வந்துடும். ரெண்டு வருஷம்னா?”

பெரியம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவள் இடுப்பில் இருந்த சாதுவைப் பார்த்தாள்.

“தினமும் கேட்டேனேக்கா. ஏதாவது பேசினானா, ஏதாவது பேசினானான்னு தினமும் கேட்டேன். ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்னீங்க. நானும் போற வீட்லயெல்லாம் அதையே சொல்லிட்டிருந்தேன்.”

“சத்தியமா எனக்குத் தெரியாதுடி.”

“அந்தப் பொண்ணு விஷயத்துல மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சுதே. எட்டே நாள்ல தெரிஞ்சுதே.”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பெரியம்மாவும் பதிலுக்கு உயர்த்தியிருப்பாள், ஒத்தை ஆளா நான் என்னடி செய்வேன், நீங்க தர்றதுக்கு நாலு பேரை வச்சுக்க முடியுமா என்று கேட்டிருப்பாள். கேட்பதற்கு நியாயமும் இருந்தது. ஆனால் அவளுக்கு ஞாபகம் வந்ததோ நீலக் கோட்டைத் தாண்டி வந்த அந்தக் காலும், குனிந்து அதைத் திரும்ப வைத்த தன் கையும்தான். அதை இவளிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. மேடத்திடம் எப்படியோ அவ்வளவும் வந்தது.

“டாக்டர்கிட்ட ஒரு தடவை…” என்று ஆரம்பித்தாள்.

“நாளைக்கு லீவு போட்டா மூணு வீடு போயிடும். நாளைக்கும் இவனை நான் இங்கதானேக்கா விடணும்” என்றாள் சாதுவின் அம்மா. வேறு இடமா இருக்கிறது என்று கேட்கிற மாதிரி அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்த்த வாக்கிலேயே, கை வலித்ததோ என்னவோ, பையனைக் கீழே இறக்கிவிட்டாள்.

இறக்கிவிட்டதும் சாது திரும்பி நடந்தான். விளக்கு போடாத அறைக்குள் தன் இடத்தைத் தேட அவனுக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை. போய் நீலக் கட்டத்தில் உட்கார்ந்து, காலை மடக்கி, கையை மடியில் வைத்துக்கொண்டான். காலையில் கொண்டுவந்து இறக்கிவிடும்போது செய்வதைத்தான் செய்தான். அவன் அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். தினமும் காலையில் அவள் அவசரத்தில் திரும்பி ஓடிவிடுவாள், இதை ஒருநாளும் நின்று பார்த்தது கிடையாது.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள். பச்சைக் கட்டத்தில், அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது அவளுக்குப் பத்தவில்லை, முட்டி இரண்டும் கோட்டுக்கு வெளியே நின்றது. என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் சமையல், துணி, தூக்கம். அவனிடம் பேச என்று ஒன்றை அவள் இதுவரை சேர்த்து வைத்ததில்லை.

“இன்னைக்கு முதல் வீட்ல…” என்றாள். “முதல் வீட்ல குழாய் உடைஞ்சு போச்சுடா. தண்ணி எல்லாம் கீழ கொட்டிப்போச்சு. அம்மாதான் துடைச்சேன். அப்புறம் ரெண்டாவது வீட்டுக்குப் போனேன். அங்க ஒரு நாய் இருக்கு. பெரிய நாய்.”

நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். சாது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்புறம்” என்றாள் அவள்.

ஷட்டரை இழுக்கிற கம்பியைக் கையில் பிடித்தபடி, இழுக்காமல் பெரியம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.